மதிப்பெண்ணா, கால்பட்டையா, குறுஞ்செய்தியா? வெளியே இருப்பவர்களைக் கண்காணிக்க எந்தத் தரவு உதவும்

சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பிலோ, தண்டனைக்காலம் முடியும் முன்னே பரோலிலோ வெளியே இருப்பவர்கள் மறுபடி குற்றத்தில் விழாமல் இருக்கத் தரவு உதவுமா என்று சட்டமும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்கள் கேட்கிறார்கள். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இன்னும் சுருக்கமாகக் கேட்பார்கள்: "அல்காரிதம் வைக்கலாமா, கூடாதா?" அப்படிக் கேட்கும்போதே, தரவு என்றால் ஆளுக்கு மதிப்பெண் போடுவது மட்டும்தான் என்று முடிவாகிவிடுகிறது. உண்மையில் ஒரு கண்காணிப்புத் துறையின் முன்னால் குறைந்தது ஐந்து வழிகள் இருக்கின்றன. கையில் இருக்கும் பணமும் ஆட்களும் ஒன்றிரண்டுக்குத்தான் போதும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பிரிட்டனிலிருந்து வருகின்றன. குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தது அங்கேதான் அதிகம். அமெரிக்காவில் 2018-ல் வெளியான பியூ அறக்கட்டளை அறிக்கைப்படி, சுமார் 45 லட்சம் பேர் இப்படிக் கண்காணிப்பில் இருந்தார்கள். வயதுவந்தோரில் 55 பேருக்கு ஒருவர். சிறைக்குள் இருப்பவர்களைப் போல இரண்டு மடங்கு. இந்தியாவுக்குக் கடைசியில் வருகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

விற்க வருகிறவர்கள் எல்லோரும் "மறுகுற்றம் குறைந்தது" என்றுதான் சொல்வார்கள். எந்த மறுகுற்றம் என்று கேட்க வேண்டும். மீண்டும் கைதானதா, தண்டனை பெற்றதா, சிறைக்குத் திரும்பியதா? மூன்றும் வேறு வேறு எண்ணைத் தரும். இங்கிலாந்தில் 2014-ல் நன்னடத்தைக் கண்காணிப்பின் பெரும்பகுதியை 21 ஒப்பந்த நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்து, மறுகுற்றம் குறைந்தால் கூடுதல் பணம் என்றார்கள். 2019-ல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, 2011-க்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் மறுபடி குற்றம் செய்தவர்களின் விகிதம் 2.5 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. ஆனால் அப்படிச் செய்தவர் ஒவ்வொருவரும் செய்த குற்றங்களின் சராசரி எண்ணிக்கை 22 சதவீதம் கூடியிருந்தது. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் வெற்றி. இரண்டாவதைப் பார்த்தால், திருந்தும் பக்கம் இருந்தவர்கள் விலகிப் போக, மிச்சமிருந்தவர்கள் இன்னும் மோசமாகியிருக்கிறார்கள். 2021 ஜூனில் அரசு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

அடுத்த அளவுகோல், நிபந்தனை மீறல். குறித்த நாளில் வராதது, வேலை தேடவில்லை என்பது, பரிசோதனையில் சிறுநீரில் போதைப்பொருள் தெரிந்தது என்று புதுக் குற்றம் எதுவும் இல்லாமலே உள்ளே போகிறவர்கள் ஏராளம். அமெரிக்க மாநில அரசுகள் மன்றத்தின் 2019 அறிக்கைப்படி, மாநிலச் சிறைகளுக்குள் புதிதாக வருகிறவர்களில் 45 சதவீதம் கண்காணிப்பில் ஏதோ தவறி வந்தவர்கள். மொத்த வரவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெறும் நிபந்தனை மீறல். இன்னும் உற்றுப் பார்க்கும் கருவி எதுவானாலும் இன்னும் அதிக மீறலைப் பிடிக்கும். அந்தப் பிடிப்பால் ஊருக்குப் பாதுகாப்பு கூடியதா என்பது தனிக்கேள்வி.

இன்னும் மூன்று. யார் பணம், யார் நேரம் செலவாகிறது? தவறு நேர்ந்தால் யார் தலையில் விழுகிறது, அவர் எதிர்த்துக் கேட்க வழி உண்டா? ஓர் ஊரில் பலித்தது அடுத்த ஊரிலும் பலித்ததா? கடைசிக் கேள்வியில்தான் பல பிரபலமான திட்டங்கள் கவிழ்ந்திருக்கின்றன.

## ஆபத்து மதிப்பெண்

வயது, பழைய வழக்குகள், முதல் கைது நடந்த வயது போன்றவற்றைக் கொண்டு, இவர் அடுத்த ஓரிரு ஆண்டில் குற்றம் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவது இந்த வழி. எளிய கூட்டல் பட்டியலிலிருந்து இயந்திரக் கற்றல் வரை பல வடிவங்கள் உண்டு. நமக்கும் இது புதிதில்லை. தமிழ்நாடு காவல்துறை ரவுடிகளை ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து, சரித்திரப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. கணினி இல்லாத மதிப்பெண் அது, அவ்வளவுதான்.

மதிப்பெண்ணுக்கு நல்ல உபயோகம் ஒன்று உண்டு. பலர் நினைப்பதற்கு நேர் எதிர் திசையில் உண்டு. பிலடெல்பியா நகரின் நன்னடத்தை, பரோல் துறை, பென்சில்வேனியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ரிச்சர்ட் பெர்க் குழுவோடு சேர்ந்து ஒரு கணிப்பு முறையை உருவாக்கியது. முதலில் ஆபத்து குறைந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். 2007-ல் தொடங்கிய சோதனையில் அப்படிப்பட்ட சுமார் 1,500 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கண்காணிப்பு. மறுபாதியை, ஆளுக்கு 400 பேர் வரை கையில் வைத்திருக்கும் சில அலுவலர்களிடம் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் வந்தால் போதும், இடையில் ஒரு போன். ஓராண்டு கழித்துப் பார்த்தால் புதுக் குற்றத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதாவது அந்தப் பாதிப் பேர் மீது அதுவரை செலவான அலுவலர் நேரத்தில் பெரும்பங்கு யாருக்கும் உதவவில்லை.

சரி, மிச்சமான நேரத்தை ஆபத்து அதிகமானவர்கள் மேல் கொட்டினால்? அதே நகரில் அதையும் சோதித்தார்கள். மதிப்பெண்ணில் மேலே இருந்தவர்களை அடிக்கடி வரச்சொல்லி, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, நெருக்கமாகக் கண்காணித்தார்கள். புதுக் குற்றம் குறையவில்லை. தலைமறைவானவர்களும் சிறைக்குப் போனவர்களும்தான் கூடினார்கள். இது பிலடெல்பியாவின் தனிக்கதை இல்லை. 1993-ல் ராண்ட் நிறுவனத்தின் ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும் 14 இடங்களில் நடந்த தீவிரக் கண்காணிப்பை அலசினார்கள். தீவிரக் குழுவில் 65 சதவீதம் பேர் மீது நிபந்தனை மீறல் பதிவானது, வழக்கமான குழுவில் 38 சதவீதம். கைது எண்ணிக்கையோ குறையவே இல்லை.

யாரை விட்டுவிடலாம் என்பதை மதிப்பெண் நன்றாகவே சொல்லும். பிடித்து வைத்தவரை என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது.

மறைசெலவுகளைப் பார்ப்போம். முதலாவது தவறின் கணக்கு. வைத்துக்கொள்வோம், கண்காணிப்பில் 1,000 பேர். அவர்களில் 100 பேர் கடுமையான குற்றம் செய்யப்போகிறார்கள். கருவி அந்த 100-ல் 70 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, மற்ற 900 பேரில் 20 சதவீதத்தினரை மட்டும் தவறாகச் சுட்டுகிறது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? சிவப்புக் குறி விழுந்தவர்கள் 250 பேர். அவர்களில் 180 பேர் எதுவும் செய்யப்போவதில்லை. கருவி மட்டமானதால் வந்த விளைவில்லை இது. கடுங்குற்றம் அரிதானது, அதனால் இப்படித்தான் வரும். எந்தத் தவறு எத்தனை மடங்கு மோசம், விட்டுப்போன ஒரு கொலைகாரனா, வீணாகக் குறிவைக்கப்பட்ட சில அப்பாவிகளா என்பதைக் கணினியால் முடிவு செய்ய முடியாது. பெர்க்கின் முறையில் அந்த விகிதத்தைத் துறைதான் சொல்ல வேண்டும், சொன்னது. மற்ற பல இடங்களில் மென்பொருளுக்குள்ளேயே யாரோ முடிவு செய்து மூடிவிட்டிருப்பார்கள்.

இரண்டாவது, பாகுபாடு. 2016-ல் புரோபப்ளிக்கா இதழாளர்கள் புளோரிடாவின் பிரோவர்ட் மாவட்டத்தில் காம்பாஸ் என்ற தனியார் கருவியின் மதிப்பெண்களை எடுத்து அலசினார்கள். இரண்டு ஆண்டுக்குள் மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவர்களில் 44.9 சதவீதம் பேருக்கு ஆபத்து அதிகம் என்று குறி விழுந்திருந்தது, வெள்ளையர்களில் 23.5 சதவீதம். கருவியை விற்ற நிறுவனம் மறுத்தது. ஒரே மதிப்பெண் வாங்கிய இரு இனத்தவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் குற்றம் செய்கிறார்கள், ஆகவே கருவி நியாயமானது என்றது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொன்னதும் சரி. இரு குழுக்களின் கைது விகிதம் வேறாக இருக்கும்போது, இந்த இரண்டு நியாயத்தையும் ஒரே கருவியில் கொண்டுவர முடியாது என்று பிறகு கணிதமாகவே காட்டினார்கள். அந்தக் கைது விகிதத்துக்குள்ளும் போலீஸ் எந்தத் தெருவில் ரோந்து போனது என்பது கலந்தே இருக்கிறது. கனடாவில் பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த யூவர்ட் வழக்கில், பூர்வகுடிகளிடம் சரிபார்க்காத கருவிகளை அவர்கள் மேல் பயன்படுத்தியதன் மூலம் சீர்திருத்தத் துறை தன் சட்டக் கடமையில் தவறியது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மூன்றாவது, காசு. காம்பாஸ் வினாப்பட்டியலில் 137 கேள்விகள். 2018-ல் டார்ட்மவுத் கல்லூரியின் ஜூலியா டிரெசலும் ஹானி ஃபரீதும் வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை என்று இரண்டே விவரத்தை வைத்து அதே அளவு துல்லியத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1990-களிலிருந்தே வயது, பாலினம், பழைய வழக்குகளை வைத்து அரசே கணக்கிடும் அளவுகோல் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் பூட்டிய மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

எப்போது எடுக்கலாம்: ஆள் மிகுதி, அலுவலர் பற்றாக்குறை, ஆபத்து குறைந்தவர்களை நிஜமாகவே விட்டுவிடும் துணிச்சல். மூன்றும் இருந்தால். மூன்றாவது இல்லாவிட்டால் வேண்டாம்.

## காலில் ஜிபிஎஸ் பட்டை

இதில் சான்றுகள் இரண்டாகப் பிளந்து நிற்பது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் முரண்பாடு இல்லை.

அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில், ஒரே மாதிரி வழக்குகள் கண்டிப்பான நீதிபதியிடமோ இளகிய நீதிபதியிடமோ தற்செயலாகப் போவதைப் பயன்படுத்தி, டி டெல்லா, ஷார்க்ரோட்ஸ்கி என்ற பொருளாதார வல்லுநர்கள் 2013-ல் ஆய்வு வெளியிட்டார்கள். சிறைக்குப் பதிலாகப் பட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் மறுகுற்றம் ஏறக்குறைய பாதியாக இருந்தது. பிரான்சில் 2016-ல் வந்த ஆய்வும் மறுதண்டனை 6 முதல் 7 சதவீதப் புள்ளி வரை குறைந்ததாகக் காட்டியது. இரண்டிலும் ஒப்பீடு சிறையோடு. குடும்பமும் வேலையும் கைவிட்டுப் போகாதது, உள்ளே புதுச் சகவாசம் சேராதது, இவைதான் பலன் தந்தன என்று கொள்ள நிறைய இடமிருக்கிறது. எப்படியும் வெளியே விடப்போகிற ஒருவருக்குக் கூடுதலாகப் பட்டை கட்டினால் இதே பலன் வரும் என்று இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. விற்பனைத் தாள்களில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

தினசரி நடப்பு எப்படி? பட்டையை ஒவ்வொரு நாளும் ஓரிரு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும், கால் சுவரோடு வயரில் கட்டுண்டு கிடக்க. அடுக்குமாடிக்குள் சிக்னல் போனால் எச்சரிக்கை. பேட்டரி இறங்கினால் எச்சரிக்கை. பேருந்து தடைசெய்யப்பட்ட பகுதியின் ஓரமாகப் போனாலும் எச்சரிக்கை. ஒவ்வொன்றுக்கும் யாரோ போன் எடுத்துக் கேட்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் போடாமல் பட்டை மட்டும் வாங்கிய துறையில், எச்சரிக்கைகள் திரையில் குவிந்து கிடக்கும். அவற்றில் நிஜமான ஒன்று புதைந்து போகும். அமெரிக்காவில் பல இடங்களில் பட்டையின் தினக்கட்டணத்தை அணிந்தவரிடமே வசூலிக்கிறார்கள். கட்ட முடியாவிட்டால் அதுவும் ஒரு மீறலாகிவிடும் அபாயம் உண்டு.

ஒப்பந்தத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். இறந்துபோனவர்கள், திரும்பச் சிறைக்குப் போனவர்கள் பெயரிலும் ஒப்பந்த நிறுவனங்கள் அரசிடம் பட்டைக்குக் காசு வாங்கியது 2013-ல் வெளிவந்தது. செர்கோ 6.85 கோடி பவுண்டும் ஜி4எஸ் ஏறக்குறைய 10.9 கோடி பவுண்டும் திருப்பிக் கொடுத்தன. யார் காலில் பட்டை இருக்கிறது என்ற தரவே அரசிடம் ஒழுங்காக இல்லை.

அப்புறம் அரசியல். அர்ஜென்டினாவில் மேலே சொன்ன திட்டம் அவ்வளவு நன்றாக ஓடியும், 2008-ல் பட்டை கட்டியிருந்த ஒருவர் காம்பானா நகரில் ஒரு குடும்பத்தையே கொன்றார். திட்டம் கிட்டத்தட்ட அதோடு முடிந்தது. சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த நாள் நாளிதழில் வருவது சராசரி இல்லை. எந்த வழியை எடுத்தாலும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு என்ன சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்காத துறை, எந்தப் புது முயற்சியிலும் இறங்காமல் இருப்பது உத்தமம்.

எப்போது எடுக்கலாம்: பட்டை இல்லாவிட்டால் சிறைதான் என்று நீதிபதி முடிவு செய்த இடத்தில். இன்னொன்று, குறிப்பிட்ட ஒருவரின் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்ற தடை இருக்கும் குடும்ப வன்முறை வழக்குகளில்.

## உடனடித் தண்டனை

ஹவாய் மாநிலம் ஹொனலூலுவில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் 2004-ல் ஹோப் என்ற திட்டத்தைத் தொடங்கினார். தினமும் காலையில் ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பதிவுக்குரல் ஒரு நிறத்தைச் சொல்லும். உங்களுக்குக் கொடுத்த நிறம் அதுவானால் அன்றே வந்து சிறுநீர்ப் பரிசோதனை. தவறினால் சில நாள் சிறை. ஆறு மாதம் கழித்து ஆறு வருடம் உள்ளே போவதைவிட, இன்றே இரண்டு நாள் உள்ளே போவது உறைக்கும் என்பது அவர் எண்ணம். 2009-ல் வந்த மதிப்பீட்டில், ஓராண்டில் வழக்கமான குழுவில் 47 சதவீதம் பேர் கைதாக, ஹோப் குழுவில் 21 சதவீதம்தான். அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது.

நீதித்துறை அமைச்சகம் இதை ஆர்கன்சா, மாசசூசெட்ஸ், ஓரிகன், டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்களில் ஒவ்வோர் இடத்தில், 1,500-க்கும் மேற்பட்டவர்களோடு மறுபடி சோதித்தது. 2016-ல் முடிவு வந்தது. மொத்தத்தில் கைது குறையவில்லை. நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதாகவும் மதிப்பீட்டாளர்கள் சொன்னார்கள், ஆகவே "சரியாகச் செய்யவில்லை" என்ற வழக்கமான சமாதானமும் எடுபடவில்லை. ஹொனலூலுவில் என்ன வேலை செய்தது? என் ஊகம், அந்த நீதிபதி. அவரைத் தரவாக மாற்றி அடுத்த ஊருக்கு அனுப்ப முடியாது.

இந்த வழி முழுக்கத் தோற்றது என்று சொல்லவும் முடியாது. தெற்கு டகோட்டாவில் 2005-ல் தொடங்கிய திட்டத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள் காலை, மாலை இருவேளையும் வந்து ஊதிக் காட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு டாலர். ராண்ட் ஆய்வு 2013-ல் கண்டபடி, மாவட்ட அளவில் குடிபோதை ஓட்டத்தில் மறுகைது 12 சதவீதமும் குடும்ப வன்முறைக் கைது 9 சதவீதமும் குறைந்தன. குற்றத்துக்கும் குடிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, அளப்பது சுலபம், செலவு குறைவு. அந்த மூன்றும் பொருந்தும் இடத்தில் இது நல்ல தேர்வு.

## நினைவூட்டலும் கியாஸ்க்கும்

சொல்வதற்கு அதிகம் இல்லை. மலிவு, பலன் உண்டு. நியூயார்க் நகரில் சின்னச் சின்ன வழக்குகளுக்கான நீதிமன்ற அழைப்பாணைப் படிவத்தைத் திருத்தி, தேதியும் இடமும் மேலே தெரியும்படி போட்டதிலேயே வராதவர்கள் 13 சதவீதம் குறைந்தார்கள். குறுஞ்செய்தி அனுப்பியதில் 21 சதவீதம்; சிறந்த வாசகத்துக்கு 26 வரை. 2020-ல் சயின்ஸ் இதழில் வந்தது. வராதவர்களில் நிறையப் பேர் ஓடி ஒளிந்தவர்கள் இல்லை, மறந்தவர்கள். அதே நகரின் நன்னடத்தைத் துறை, ஆபத்து குறைந்தவர்கள் அலுவலரைப் பார்க்காமல் ஏடிஎம் போன்ற கியாஸ்க்கில் கையைப் பதித்துவிட்டுப் போக ஏற்பாடு செய்தது.

நம்மூரில் நிபந்தனை ஜாமீனில் வந்தவர் தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடப் போகிறார். மூட்டை தூக்குகிறவருக்கும் கொத்தனாருக்கும் அந்த நேரம் என்பது அன்றைய கூலி. கையெழுத்தால் எத்தனை பேர் தலைமறைவாகாமல் இருந்தார்கள், எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே ஒரு நல்ல ஆய்வு கிடைக்கும்.

மறைசெலவு ஒன்றுதான்: போன் எண் மாறிக்கொண்டே இருக்கும். எண்ணைப் புதுப்பிக்கும் வேலை யாருக்கு என்று ஆரம்பத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை, இது குற்றத்தைக் குறைப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீணான பிடியாணைகளைக் குறைக்கும். அதுவே போதும்.

## அறைக்குள் என்ன பேசுகிறார்கள்?

ஐந்தில் எனக்குப் பிடித்தது இது. விற்க ஆள் இல்லாததால் அதிகம் பேசப்படாதது.

கனடாவின் மானிடோபாவில் ஜேம்ஸ் போண்டா குழுவினர் அலுவலர்களும் கண்காணிப்பில் இருப்பவர்களும் பேசிக்கொள்வதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். 2008-ல் வெளியிட்டார்கள். பேச்சின் பெரும்பகுதி ஊரடங்கு நேரம், கட்டவேண்டிய தொகை, அடுத்த தேதி. எந்த நண்பர்களோடு சுற்றுகிறான், திருடுவதை மனசுக்குள் எப்படி நியாயப்படுத்துகிறான் என்பது பற்றி மிகக் குறைவு. ஆபத்து மதிப்பீடு ஒழுங்காகச் செய்து கோப்பில் வைத்திருந்தார்கள். பேச்சு அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்து ஸ்டிக்ஸ் என்ற பயிற்சி. மூன்று மாகாணங்களில் 80 அலுவலர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும், சிந்தனையை மாற்றும் வழிமுறைகளில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் விட்டுவிடவில்லை. அலுவலர்கள் தங்கள் பேச்சைப் பதிவு செய்து அனுப்ப, கேட்டுவிட்டு இந்த இடத்தில் இப்படிக் கேட்டிருக்கலாம் என்று திருத்திக் கொடுத்தார்கள். மாதாமாதம் கூட்டம் போட்டார்கள். 2011-ல் வந்த முடிவில், பயிற்சி பெற்றவர்களிடம் இருந்தவர்களின் இரண்டாண்டு மறுதண்டனை விகிதம் 25 சதவீதம். பயிற்சி இல்லாத குழுவில் 40 சதவீதம். மாதிரி சிறியது, பங்கேற்ற அலுவலர்கள் தாமாக முன்வந்தவர்கள். அந்த இரண்டையும் கழித்துப் பார்த்தாலும், இது கவனிக்க வேண்டிய வித்தியாசம்தான்.

இங்கே தரவு அளப்பது அலுவலரை. அதனால்தான் கஷ்டம். தொழிற்சங்கம் எதிர்க்கும். மேலதிகாரி பதிவைத் தண்டிக்கப் பயன்படுத்துவார் என்ற பயம் நியாயமானது. ஒருமுறை அப்படி நடந்தால் திட்டம் அன்றே செத்தது. கண்காணிப்பில் இருப்பவரின் சம்மதம் வேண்டும். பதிவில் அவர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது போலீசுக்குப் போகுமா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பதிவையும் கேட்கத் தேர்ந்த ஆள் வேண்டும். ஆளுக்கு 150 பேர் கையில் இருக்கும் அலுவலகத்தில் பேச நேரமே இருக்காது. ஆகவே இது தனியாக நிற்காது. முதலில் மதிப்பெண்ணை வைத்து ஆபத்து குறைந்தவர்களை விடுவித்து, நேரத்தை மீட்ட பிறகுதான் வரும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| வழி | புதுக் குற்றம் குறைந்ததா | வீணாகச் சிறைக்கு அனுப்புமா | மறைசெலவு | இடம் மாறினால் |
|---|---|---|---|---|
| ஆபத்து மதிப்பெண் | தன்னால் இல்லை. நேரத்தை மிச்சப்படுத்தும் | தீவிரக் கண்காணிப்போடு சேர்ந்தால் ஆம் | உள்ளூர்ச் சரிபார்ப்பு, வழக்குகள் | ஒவ்வோர் ஊரிலும் மறுபடி அளக்க வேண்டும் |
| கால்பட்டை | சிறைக்குப் பதிலாக என்றால் ஆம் | கூடுதலாகக் கட்டினால் ஆம் | எச்சரிக்கை பார்க்கும் ஆட்கள், ஒப்பந்தத் தணிக்கை | ஒப்பீடு எதோடு என்பதைப் பொறுத்தது |
| உடனடித் தண்டனை | குடிபோதை வழக்குகளில் ஆம் | சிறு சிறு தவணைகளில் | நீதிமன்ற நேரம், ஆய்வகம் | ஹோப் தாங்கவில்லை |
| நினைவூட்டல் | அதற்கானது இல்லை | குறைக்கும் | எண் புதுப்பித்தல் | எளிதில் பொருந்தும் |
| பேச்சுப் பதிவு, பயிற்சி | சிறு சோதனையில் நன்றாக | இல்லை | பயிற்றுநர், நம்பிக்கை | பயிற்சியின் தரத்தைப் பொறுத்தது |

## இந்தியாவில் எதிலிருந்து தொடங்குவது?

காற்று கால்பட்டையின் பக்கம் வீசுகிறது. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ் ஜாமீனில் வந்த ஒருவருக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டியது. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைச் சட்டம், கைதி சம்மதித்தால் பட்டையோடு விடுப்பில் அனுப்பலாம் என்கிறது. மறுபக்கம், கூகுள் வரைபடத்தில் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் தொடரும்படியான நிபந்தனை அந்தரங்க உரிமையை மீறும் என்றது. தண்டனை பெற்றவருக்கும் விசாரணையில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பட்டை வாங்கும் மாநிலம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும்.

என் வரிசை வேறு. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் கையில் இருக்கிறது; தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர்கள் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் கீழ் இருக்கிறார்கள். முதலில் நினைவூட்டல், செலவு கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவது, வயதும் பழைய வழக்கும் மட்டும் கொண்ட, எவரும் பென்சிலால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு எளிய பட்டியல். அதுவும் யாரை அடிக்கடி கூப்பிட வேண்டாம் என்று முடிவு செய்ய மட்டும். மூன்றாவது ஒரே மாவட்டத்தில் பேச்சுப் பயிற்சி. பட்டை கடைசி. இயந்திரக் கற்றல் இந்த வரிசையிலேயே இல்லை.

ஏன் இல்லை என்றால், கற்றுக்கொள்ளத் தேவையான தரவு இன்னும் ஒழுங்காக இணையவில்லை. காவல் நிலையங்களின் கணினிப் பதிவான சிசிடிஎன்எஸ் ஒரு பக்கம், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் ஒரு பக்கம், சிறைகளின் இ-பிரிசன்ஸ் ஒரு பக்கம். ஒரே ஆள் முதல் தகவல் அறிக்கையில் "முருகன், த/பெ சுப்பையா" என்றும், நீதிமன்றத்தில் "எஸ். முருகன்" என்றும், சிறையில் "முருகன் என்ற சின்ன முருகன்" என்றும் இருப்பார். ஆங்கிலத்தில் ஏற்றும்போது எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒரு மாதிரி. நெல்லைப் பக்கம் ஒரு தாலுகாவில் எத்தனை எஸ். முருகன் இருப்பார்கள்? தவறாக இணைத்தால் ஒருவரின் அடிதடி வழக்கு இன்னொருவரின் மதிப்பெண்ணில் ஏறும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு வக்கீல் வேண்டும். பயோமெட்ரிக்கை வைத்து எல்லாவற்றையும் இணைத்துவிடலாம் என்பார்கள். அப்போது மேலே சொன்ன அந்தரங்க உரிமைக் கேள்வி இன்னும் பெரிதாக எழும்.

அதுவரை, மென்பொருள் எதுவும் வாங்காமல் ஒரு மாவட்ட நன்னடத்தை அலுவலகம் தன் பதிவேட்டில் சில பத்திகளைச் சேர்க்கலாம். வரச்சொன்ன தேதி, வந்த தேதி. வராவிட்டால் அவர் சொன்ன காரணம், அவர் சொன்னபடியே. அன்று பேசியது வேலை பற்றியா, வீடு பற்றியா, குடி பற்றியா, நிபந்தனை பற்றி மட்டுமா. புது வழக்கு வந்தால் சம்பவத் தேதி, கைதுத் தேதி, தீர்ப்புத் தேதி மூன்றும் தனித்தனியாக. கண்காணிப்பு முடிந்து இரண்டு ஆண்டு வரை, கோப்பை மூடாமல்.